காலை ஏழு மணிக்கு ஒரு பால் பாக்கெட்

ஸ்டெல்லாவைக் காட்டிக்கொடுத்தது நான்தான்.

புஷ்பா இல்லை. ஓர் ஆண்டுக்கும் மேலாக அந்தப் பழியைச் சுமந்தவள் புஷ்பா, செய்தவள் நான். இதை எழுதிவிட்டு எழுந்து வெகுநேரம் நடந்தேன். எழுதிய வரியை அடித்துவிடலாமா என்றும் யோசித்தேன்... அடிக்கவில்லை.

நீங்கள் யாரோ, நான் யாரோ. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லும் துணிவு இருந்திருந்தால் உங்கள் நேரத்தை நான் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

திருப்பூரில், மண்ணரைப் பக்கம் உள்ள ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நலப் பொறுப்பாளர் என்று எனக்கு அங்கே பெயர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்கள் கம்பெனியைப் பார்வையிட வரும்போது, பெண் தொழிலாளர்களின் குறைகளை இவர்தான் கேட்கிறார் என்று முதலாளி என்னைக் கைகாட்டுவார். நானும் எழுந்து நின்று வணக்கம் வைப்பேன். தொழிலாளர்களுக்கு நான் வெல்ஃபேர் மேடம். நெருங்கிப் பழகியவர்களுக்கு அக்கா.

குறை கேட்பது என் வேலை. கேட்டதை வெளியே விடாமல் வைத்திருப்பதும் அதே வேலைதான் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நன்றாகவே தெரியும்.

எங்கள் ஊரில் சனிக்கிழமைதான் சம்பள நாள். வாரக் கூலியைக் கவரில் போட்டுக் கையில் கொடுக்கும் வழக்கத்தை ஆர்டர் கொடுப்பவர்கள் நிறுத்தச் சொன்னார்கள். வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்குக் கணக்கில் போட்டோம். இல்லாதவர்களுக்கு ஒரு கார்டு வந்தது. சனிக்கிழமை மாலை கம்பெனி அதில் சம்பளத்தை ஏற்றிவிடும். அவர்கள் மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் பேக்கரியிலும் அதைத் தேய்த்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். ஏற்றியது தீர்ந்தால் அடுத்த சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டும். ரொக்கமாக எடுக்க முடியாது. கடையில் தேய்த்தால்தான் உண்டு. “ஏத்தியாச்சுங்களாக்கா?” என்று கேட்டுக்கொண்டு சனிக்கிழமை மாலைகளில் என் அறை வாசலில் ஒரு கூட்டமே நிற்கும்.

வங்கிக் கணக்கு இருந்தும் இந்தக் கார்டைக் கேட்டு வாங்கிய பெண்கள் இருந்தார்கள். காரணம் உங்களுக்குப் புரியும். வங்கி அட்டை கணவனின் சட்டைப்பையில் இருந்தது.

கார்டுக்கு ஒரு கைபேசி எண் கொடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. ஒன்பது பெண்களுக்குச் சொந்தக் கைபேசி இல்லை. வீட்டிலிருந்த ஒரே கைபேசி ஆணிடம் இருந்தது. அவன் எண்ணைக் கொடுத்தால் ரகசிய எண் அவன் கைக்குப் போகும். அப்புறம் கார்டு எதற்கு, கவரிலேயே கொடுத்திருக்கலாமே!

அப்போது எனக்கு அந்த யோசனை உதித்தது. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! “என்ற நம்பரைப் போட்டுக்கலாம் கண்ணுகளா, எவன் கேக்கறான்னு பாக்கறேன்” என்றேன். ஒன்பது முகங்களும் மலர்ந்தன. ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கார்டு கொடுத்த நிறுவனத்தின் ஆளும், ஒரே எண்ணுக்குப் பத்துக் கார்டுவரை போடலாம் மேடம் என்று ஒத்துக்கொண்டான்.

நல்லெண்ணத்தில்தான் செய்தேன். இதை மட்டுமாவது நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் அது எத்தனை நாள் நல்லெண்ணமாக இருந்தது என்று கேட்டுவிடாதீர்கள்...

முதல் சம்பளம் ஏறிய மறுநாள் காலையிலேயே என் கைபேசி ஒலித்தது. ஒரு குறுஞ்செய்தி. கார்டின் கடைசி நான்கு எண்கள், கடையின் பெயர், ஊர், தொகை, நேரம். சற்று நேரத்தில் இன்னொன்று. மாலைக்குள் பதினாறு வந்துவிட்டன. ஒன்பது பெண்களில் யார் எந்தக் கடையில் எப்போது நின்றாள் என்பது என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ‘நீங்கள் எது வாங்கினாலும் எனக்குச் செய்தி வருகிறது’ என்று ஒரே ஒரு வரி. சொல்லவில்லை. ரகசிய எண் மட்டுமே என் கைபேசிக்கு வந்தது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் நினைக்கவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை? இதற்கு நேர்மையாக ஒரு பதில் சொல்ல வேண்டுமானால், எனக்கு அது பிடித்துப்போய்விட்டது! என் மகன் பெங்களூரில் இருக்கிறான். சாப்பிட்டாயா என்று கேட்டால் ‘ம்’ என்பான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் வேலை இருக்கிறது என்பான். என் கணவரோ நூல் கடையைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். இந்த ஒன்பது பேரின் வாழ்க்கையோ கேட்காமலேயே என்னிடம் வந்தது. இவள் வீட்டில் இன்று பேக்கரி, ஏதோ பிறந்தநாள் போலிருக்கிறது. இவள் மூன்று நாளாக மருந்துக் கடைக்கே போகிறாள், யாருக்கோ காய்ச்சல். நான்கு எண்களைப் பார்த்ததுமே ஆள் யார் என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். தொகையைப் பார்த்தால் அரை லிட்டர் பாலா, மாவு பாக்கெட்டா என்பதும் தெரிந்தது.

அடுத்தவர் வீட்டு அடுப்படியை எட்டிப்பார்க்கிறவளைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் என்னைப் பற்றி அப்படி நினைக்கவில்லை. அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் பனியன்களை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பழுதான இடத்தில் அடையாளத்துக்கு ஒரு துண்டு ஒட்டும் வேலை. அவள் கண்ணுக்குத் தப்பிப் பழுது எதுவும் போனதில்லை. இருபத்தேழு வயது. அவிநாசிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவள். ஐந்து வயதில் ஜெனி என்று ஒரு பெண் குழந்தை. கணவன் அந்தோணி சாயப்பட்டறையில் வேலை செய்தான்.

அவன் அடிப்பான். எனக்குத் தெரியும். கன்னம் வீங்கி மூன்று முறை என் அறைக்கு வந்திருக்கிறாள். குறைப் பதிவேட்டில் ‘குடும்பப் பிரச்சினை’ என்று எழுதி, டீ வரவழைத்துக் கொடுத்து, “கொஞ்சம் அனுசரிச்சுப் போ கண்ணு, புள்ள இருக்குதல்ல” என்று சொல்லி அனுப்பினேன். நான்காம் முறை அவள் வரவில்லை. ஆகா, என் அறிவுரை பலித்துவிட்டது என்று நினைத்தேன். என்ன மனுஷி நான்!

ஒரு திங்கட்கிழமை ஸ்டெல்லாவின் மேசை காலியாக இருந்தது.

எனக்கு அதற்கு முந்தின நாளே தெரியும். ஞாயிறு காலை அவிநாசி பேருந்து நிலையத்தின் அருகே ஒரு பேக்கரியிலிருந்து செய்தி. மதியம் சோமனூரில் ஒரு மளிகைக் கடை. திங்கள் காலை ஏழு மணிக்கு அதே மளிகைக் கடை. அரை லிட்டர் பால். செவ்வாய் ஏழு மணிக்கும் அதே. சில்லறைத் தட்டுப்பாட்டில் இப்போதெல்லாம் பால் பாக்கெட்டுக்கும் மெஷினை நீட்டிவிடுகிறார்கள். சோமனூரில் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும் புஷ்பா என்ற தோழியைப் பற்றி ஸ்டெல்லா முன்பு என்னிடம் சொல்லியிருந்தாள். குழந்தையோடு அங்கே போயிருக்கிறாள்... கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

முதலில் மனது குளிர்ந்தது. பத்திரமாக இருக்கிறாள்! காலையில் எழுந்து பால் வாங்குகிறாள், குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறாள். தோசைக் கல்லின் முன் நின்றுகொண்டு ஏழு மணிச் செய்திக்காகக் காத்திருந்தேன். அது வந்ததும்தான் அடுத்த கரண்டி மாவை ஊற்றுவேன்.

புதன்கிழமை அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அத்தனை செய்த என்னிடம்! தறியோட்டும் ஒருத்தியை நம்பத் தெரிந்தவளுக்கு என்னை நம்பத் தோன்றவில்லையே! இந்தக் கோபம் எனக்குள் எப்படி ஏறியது என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. காலையில் அரைத்த சட்னிக்கு உப்புப் போடக்கூட மறந்துபோனேன்.

அன்று மதியம்தான் அந்தோணி கம்பெனி வாசலுக்கு வந்து என்னைப் பார்க்க வேண்டும் என்றான்.

நான் எதிர்பார்த்த முரடன் வரவில்லை. சட்டையின் முழுக்கையையும் இறக்கிவிட்டுக்கொண்டு, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கைகட்டி நின்றான். “மேடம்ங்க, எங்கய்யன் உங்க தோட்டத்துலதானுங்க தண்ணி கட்டிட்டிருந்தாரு. உங்கப்பாரு எங்களை அப்படிப் பாத்துக்குவாருங்க” என்றான். உண்மைதான். என் அப்பாவின் தோட்டத்தில் அவன் அப்பா வேலை செய்தவர். அந்தத் தோட்டம் விற்று எத்தனையோ காலமாயிற்று. கம்பெனியில் எல்லோருக்கும் நான் சம்பளம் வாங்கும் ஒரு மேடம். தோட்டத்து வீட்டுப் பெண் என்று என்னைப் பார்த்துக் கைகட்டி நின்றவன் அவன் ஒருவன்தான். அது எனக்கு இனித்தது. இதை எழுதவே கூசுகிறது... ஆனாலும் இனித்தது.

அன்று, தெரியாதுங்க என்றேன். வியாழனும் வந்தான். அன்றும் தெரியாது என்றேன். வெள்ளிக்கிழமை ஒரு மருந்துப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

“புள்ளைக்கு இளைப்பு வருமுங்க. மருந்தை எடுக்காமயே போயிட்டாளுங்க. ராத்திரியெல்லாம் மூச்சு வாங்குமுங்க மேடம்ங்க... என்னை உட்டுத்தள்ளுங்க, புள்ளைக்காவது சொல்லுங்க.” சொல்லிவிட்டு என் முன்னாலேயே அழுதான்.

குழந்தைக்காகத்தான் சொன்னேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுத் தப்பித்துவிடலாம். பல நாள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் வியாழக்கிழமை மாலை சோமனூரில் ஒரு மருந்துக் கடையிலிருந்து எனக்குச் செய்தி வந்திருந்தது. ஸ்டெல்லா மருந்து வாங்கிவிட்டாள் என்பது எனக்குத் தெரியும்! அவன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, அது தேவையில்லை என்று தெரிந்துகொண்டே, நான் கைபேசியை எடுத்தேன்.

சோமனூர் என்று வாயால் சொன்னதோடு விடவில்லை. “எப்படீங்க தெரியும்?” என்று அவன் கேட்டபோது செய்திகளைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே காட்டினேன். கடையின் பெயர், ஊர், நேரம். “காலையில ஏழு மணிக்குப் பால் வாங்க வருவா. சண்டை போடாம, நல்லபடியாப் பேசிக் கூட்டிட்டு வாங்க” என்றேன். பிறகு இன்னொன்றும் சொன்னேன்:

“நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க.”

நல்லது செய்கிறவள் அப்படியா சொல்வாள்?

“நீங்க எனக்குச் சாமியாட்டங்க மேடம்ங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனான். மருந்துப் பாட்டிலை என் மேசையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அதைப் பார்த்த பிறகாவது நான் அவன் பின்னால் ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. காவலாளியிடம் கொடுத்து, வந்தால் கொடுத்துவிடு என்றேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் கைபேசி வழக்கம்போல் ஒலித்தது. அதே கடை; அதே தொகை. பால் வாங்கும்வரை அவன் காத்திருந்திருக்கிறான். அதன்பிறகு சோமனூரிலிருந்து செய்தி எதுவும் வரவில்லை.

நடந்ததைப் பிறகு ஸ்டெல்லாதான் சொன்னாள். கடைவாசலில் ஜெனியைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு அவன் போய்விட்டான். இவளை அவன் கூப்பிடவேயில்லை. குழந்தை போன திசையில் இவள் பால் பாக்கெட்டோடு ஓடியிருக்கிறாள்; அப்புறம் பேருந்து ஏறி நேராக அவன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். வேறெங்கே போவாள்?

அடுத்த வாரம் வேலைக்கு வந்தாள். செக்கிங் மேசையில் அவளுக்கு இடப்பக்கம் நின்று, “வந்துட்டியா கண்ணு” என்றேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். எதிரே இருந்த பெண் என்னைக் காட்டிய பிறகுதான் திரும்பினாள். இடது காதின் சவ்வு கிழிந்துவிட்டது, இனிமேல் கேட்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். வீட்டில் தவறி விழுந்ததாகச் சொன்னாள். நானும் பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை என் அறைக்கு வந்தாள். நான் வலப்பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன்.

“நாங்க அங்க இருந்தது புஷ்பாவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதுங்கக்கா. அவருக்கு யாருங்க சொல்லியிருப்பாங்க?”

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த நொடி அது. சொல்லியிருந்தால் அவள் என்னை அறைந்திருப்பாள், முதலாளியிடம் சொல்லியிருப்பாள், என் வேலை போயிருக்கும். அவ்வளவுதானே! உயிரா போயிருக்கும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இந்தக் காலத்துல யாரை நம்பறது கண்ணு” என்றேன். புஷ்பாவின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

“உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களாக்கா?”

கொடுத்தேன். ஸ்டெல்லா என் கைபேசியிலிருந்து, அந்தக் கைபேசியிலிருந்தே, புஷ்பாவை அழைத்தாள். உரக்கப் பேசாத பெண் அன்று கத்தினாள். “சோறு போட்டு வெச்சு என்னைய வித்துட்டியே!” என்றாள். மறுமுனையில் புஷ்பா அழுவது எனக்குக் கேட்டது. “எம்புள்ள மேல சத்தியமா நாஞ் சொல்லுலடி... எம்புள்ள மேல சத்தியமாடி...” ஸ்டெல்லா இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கைபேசியை என்னிடம் நீட்டினாள். திரை அவள் கண்ணீரில் நனைந்திருந்தது. முந்தானையால் துடைத்து மேசையில் வைத்தேன்.

அவளுக்கு இருந்த ஒரே புகலிடத்தை அவள் கையாலேயே அடைக்க வைத்தேன். காட்டிக்கொடுத்ததைவிட இதுதான் பெரிய பாவம் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அதுதான் பெரியது என்று தோன்றுகிறது.

அதன்பிறகு நான் ஸ்டெல்லாவை எப்படித் தாங்கினேன் என்று கேளுங்கள்! நின்று செய்யும் வேலையிலிருந்து உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினேன். ஜெனிக்குப் பள்ளிப் பை வாங்கிக் கொடுத்தேன். தீபாவளிக்குச் சேலை, கிறிஸ்துமஸுக்குக் கேக். ஸ்டெல்லா மற்றவர்களிடம், “அக்கா மட்டும் இல்லாட்டி நானெல்லாம் செத்தே போயிருப்பனுங்க” என்று சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

குறுஞ்செய்திகளை நிறுத்தினேனா என்று கேட்பீர்கள். நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு ஒவ்வொரு பெண்ணிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். எதற்கு என்று கேட்பார்கள். அதனால் வந்துகொண்டேயிருந்தன. படிக்காமல் அழித்துவிடுவேன் என்று நினைத்துக்கொள்வேன்... படித்துவிட்டுத்தான் அழித்தேன்.

அந்தோணி ஒரு விஷயத்தில் நேர்மையாக இருந்தான். என் பெயரை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஓராண்டு ஓடியது. கம்பெனிக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் ஒரு நாள் நான்கு மணி டீக்குப் போயிருந்தோம். ஒடிசாவிலிருந்து வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண் எங்கள் எல்லோருக்கும் தானே டீ வாங்கித் தருவதாகப் பிடிவாதம் பிடித்தாள். முதல் சம்பளம் ஏறிய மகிழ்ச்சி அவளுக்கு. கார்டைத் தேய்த்தாள். மறுகணமே அவள் கைபேசி ஒலித்தது. சிரித்துக்கொண்டே திரையை ஸ்டெல்லாவிடம் காட்டினாள்.

“தேக்கோ அக்கா, கடை பேரு வந்துச்சு, டைம் வந்துச்சு, எல்லாம் வந்துச்சு!”

ஸ்டெல்லா தலையைச் சாய்த்து, கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பினாள். “எல்லாக் கார்டுக்கும் வருமா?”

“எல்லாம் வரும் அக்கா. யாரு நம்பர் குடுக்குது, அவங்களுக்கு வரும்.”

ஸ்டெல்லா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழுது தேடும்போது பனியனைப் பார்ப்பாளே, அப்படி. பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் ஆறிப்போன டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் எதுவும் கேட்கவில்லை. கம்பெனிக்குத் திரும்பும்போது வாகனம் வருகிறது என்று என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். மறுநாளும் “வாங்கக்கா” என்றாள். அவளுக்குப் புரியவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நான்கு நாள் நன்றாகத் தூங்கினேன் என்றால் நம்புவீர்களா?

ஐந்தாம் நாள் அரைநாள் விடுப்புக் கேட்டு வந்து நின்றாள். வேலை நேரத்தில் வெளியே போகக் கேட் பாஸ் வேண்டும். அதில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்.

“என்ன காரணம்னு எழுதட்டும் கண்ணு?”

“சோமனூர் போறனுங்கக்கா. புஷ்பாகிட்ட மன்னிப்புக் கேக்கோணுமுங்க. தப்புப் பண்ணாதவளைப் பேசிப்போட்டனுங்க.”

பேனா என் கையிலேயே நின்றது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. அவள் குரலில் கோபமே இல்லை.

“மன்னிப்புக் கேக்கன்னே எழுதுங்கக்கா” என்றாள்.

‘சொந்த வேலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவள் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டு நின்றாள் என்பது இப்போது தெரிகிறது. காகிதத்தை வாங்கிக்கொண்ட பிறகும் சற்று நேரம் போகாமல் அப்படியே நின்றாள். நான் அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்துக்கொண்டேன்.

இது நடந்து பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அவள் மேசை மறுபடியும் காலியாக இருந்தது.

சனிக்கிழமை மாலை சம்பளம் ஏறியிருந்தது. ஞாயிறு முழுவதும் கைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மற்ற எட்டுப் பேரும் வாங்கினார்கள்: கறிக்கடை, மளிகை, பேக்கரி. ஸ்டெல்லாவின் நான்கு எண்கள் வரவில்லை. திங்கள் காலை ஏழு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். வரவில்லை. ஏழரை. எட்டு. செவ்வாய், புதன்... வரவில்லை.

கார்டில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும் வசதியும் என் எண்ணுக்கு உண்டு. கேட்டேன். சனிக்கிழமை ஏற்றிய சம்பளம் முழுவதும் இருந்தது. அதற்கு முந்தின வாரத்து மீதியும் இருந்தது. ஒரு ரூபாய்கூட அவள் தொடவில்லை.

யோசித்துப் பாருங்கள். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ள அந்தோணி விடமாட்டான். அவளுக்கென்று இருந்தது அந்தக் கார்டு ஒன்றுதான். நாள் முழுக்க விளக்கடியில் கண் பூத்துச் சம்பாதித்த பணம். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த ஊர் என்று எனக்குத் தெரியாத ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கடையின் முன் அவள் நிற்கிறாள். கார்டு அவளிடம் இருக்கிறது. பணமும் இருக்கிறது. தேய்த்தால் என் கைபேசி ஒலிக்கும். அதனால் தேய்க்காமல் நகர்ந்து போகிறாள்... ஜெனிக்குக் காலையில் என்ன கொடுத்தாள்?

புஷ்பாவின் எண் என் கைபேசியில் இருக்கிறது. ஸ்டெல்லா அன்று அழைத்த எண். அந்தப் பணத்தை எப்படியாவது சேர்த்துவிடலாம் என்று இரண்டு முறை அழைக்கப் போனேன். மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். நான் அழைத்தால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? தேடுகிறாள் என்றுதானே நினைப்பார்கள்! இருக்கிற இடத்தையும் விட்டு ஓடிவிட்டால்...?

வியாழக்கிழமை அந்தோணி வந்தான். செருப்பை வாசலில் கழற்றினான். கைகட்டி நின்றான். இந்த முறை அழவில்லை, தோட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, மருந்தும் கொண்டுவரவில்லை. ஒரு கடைக்காரரிடம் சரக்கு வந்துவிட்டதா என்று கேட்பது போல இயல்பாகக் கேட்டான்.

“மேடம்ங்க, மெசேஜ் ஏதாச்சும் வந்துதுங்களா?”

“இல்லீங்க.”

“வந்தாச் சொல்லுங்க. நாளைக்கு வர்றனுங்க.”

இன்றுவரை வந்துகொண்டிருக்கிறான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறான். காவலாளிக்கு அவன் பழகிப்போய்விட்டான். கேட்காமலேயே உள்ளே விடுகிறான். நானும் ஒவ்வொரு முறையும் இல்லீங்க என்கிறேன். இனிமேல் வராதே என்று சொல்லத் தோன்றும். சொன்னால் அவன் முதலாளியிடம் போவானோ, பழைய கதையை எடுப்பானோ என்று பயம். அந்தப் பயம்கூட இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை பாருங்கள்!

அவனிடம் நான் சொல்வது பொய் இல்லை. செய்தி வரவில்லை, வரவில்லை என்கிறேன். அதில் என் துணிவு எதுவும் கிடையாது.

வந்திருந்தால்? ஏதோ ஓர் ஊரிலிருந்து, ஏதோ ஒரு மளிகைக் கடையிலிருந்து அரை லிட்டர் பாலுக்கு ஒரு செய்தி வந்து, அந்தோணியும் எதிரே கைகட்டி நின்றிருந்தால், நான் மறைத்திருப்பேனா? மறைத்திருப்பேன் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதினால் நீங்கள் நம்பவும் கூடும்.

ஸ்டெல்லா நம்பவில்லை. அவள் பணம் அப்படியே கார்டில் இருக்கிறது.